உன் வேலை அறிவிப்புக்குக் கீழே அம்மா எழுதுவது

கதிர்,

வேலை கிடைத்துவிட்டது என்று நீ இந்தத் தளத்தில் அறிவித்திருக்கிறாய். அதற்குக் கீழே எல்லாரும் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதே இடத்தில்தான் நானும் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், மலாக்காப் பக்கம் பெம்பானில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல உன் மாமா மகள் துர்கா தட்டச்சு செய்கிறாள். எனக்கு இங்கே கணக்குத் தொடங்கிக் கொடுத்ததும் அவள்தான். என்ன வேலை என்று தளம் கேட்டது. பள்ளி வேன் ஓட்டுகிறேன் என்று போடச் சொன்னேன். என்ன திறமை என்று கேட்டது. கத்துவது என்று போடச் சொன்னேன், அவள் போடவில்லை. "அத்தே, இது ஆபீஸ்காரங்க வர்ற எடம் லா, இங்க யாரும் இப்படி நீட்டா எழுத மாட்டாங்க" என்கிறாள். வரட்டும், படிக்கட்டும். நீ என் போனை எடுக்கவில்லை, அப்பா போனையும் எடுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தை மட்டும் மணிக்கொரு தரம் திறந்து யார் வாழ்த்தினார்கள் என்று பார்ப்பாய். பெற்றவளுக்கு அது தெரியாதா.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பாதியில் மூடிவிடுவாய். சனிக்கிழமை நீ அந்த பேங்காக் விமானத்தில் ஏறக் கூடாது. அங்கே உனக்கு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னைக் கூப்பிட்டிருக்கும் பிரவின் என்பவன் தான் யார் என்று சொன்னானோ அந்த ஆள் இல்லை. போ போ என்று உன்னைப் பிடித்துத் தள்ளியவளும் நான்தான், அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தள்ளாமல் இருந்திருந்தால் நீ சரி என்றே சொல்லியிருக்க மாட்டாய். இந்த ஒன்றை எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் ஒப்புக்கொள்கிறேன்.

உனக்கு வேலை போன நாளிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மலாக்கா டவுனில் நீ வேலை பார்த்த ஓட்டலை மூடினார்கள். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். கொஞ்ச நாளில் இந்தத் தளத்தில் உட்கார்ந்தாய். கோட்டு வேண்டும் என்று உன் மாமாவின் கல்யாணக் கோட்டைக் கேட்டாய். அது உனக்குத் தோளில் தொளதொள என்று இருந்தது, பின்பக்கம் நான்தான் துணி உலர்த்தும் கிளிப் மாட்டிப் படம் எடுத்தேன். அந்தப் படம்தான் மேலே சிரித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி வேலை தேடுகிறேன் என்று ஒரு பச்சை வளையம் போட்டாய். எனக்கு அது பிடிக்கவில்லை. இல்லாததை ஏன் ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "அப்பத்தான் மா கம்பெனிக்காரங்க கண்ணுல படுவேன்" என்றாய். கம்பெனிக்காரர்கள் கண்ணில் மட்டும்தான் படுவாய் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நீ விண்ணப்பம் போட்டுப் போட்டுப் பார்த்தாய். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் நேர்காணல் வைத்துவிட்டு அதன் பிறகு காணாமல் போனார்கள். நீ அறைக்குள் கணினி முன்னால் மேலே சட்டையும் டையும், கீழே கைலியுமாக ஆங்கிலம் பேசிக்கொண்டிருப்பாய். நான் அடுப்படியில் மிக்ஸி போடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும் நம் பேச்சைக் கேட்காது. வெளியே வந்ததும் உன் முகத்தைப் பார்த்து நான் எதுவும் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல மாட்டாய். தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவாய். அப்படி நிறைய நாள் போயிற்று.

எனக்கு இந்த முறையே புரியவில்லை, கதிர். நம் ஆட்களுக்கு வேலை வந்த வழி வேறு. எஸ்டேட் தோட்டத்தில் ஒருவன் வேலை கேட்டு வந்து நின்றால் முதல் கேள்வி உனக்கு என்ன தெரியும் என்பது இல்லை, யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. உன் அப்பாவுக்கு முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது. சுங்கை ரம்பாய்த் தோட்டத்தில் அவருடைய அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்த சமயம். அப்பாவுக்கு மீசைகூட முளைக்கவில்லை. கங்காணி மாதிரி ஆட்களை மேய்க்கும் மண்டோர் பெரியசாமி, நமக்கு உறவும் இல்லை ஒன்றும் இல்லை, ஆபீசுக்கு நேரே போய் மேனேஜர் முன்னால் நின்று, "இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னார். அவ்வளவுதான், அப்பா வேலையாட்கள் போகும் லாரியில் ஏறிவிட்டார். மண்டோர் நல்ல மனுஷரா என்று கேட்டால் வாயைத் திறந்தால் வசவுதான். ஆனால் பொறுப்பு என்று சொன்ன வார்த்தையைக் கடைசிவரை காப்பாற்றினார். அப்பா லேட்டாகப் போனால் மேனேஜர் திட்டுவதற்கு முன்னால் மண்டோர் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே வந்து திட்டுவார். எனக்குக் கல்யாணம் ஆகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பேன்.

முதலாளிகள் தோட்டத்தை விற்றுவிட, எல்லாரும் டவுன் பக்கம் ஆளுக்கொரு தாமான் வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. கிளினிக்கில் தமிழ் நர்ஸைப் பார்த்தால் கேட்கிறோம். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவனைக் கேட்கிறோம். எந்தத் தோட்டம், யார் வீடு, எந்த லயம் என்று கேட்டு ஒரு பேர் ஒத்துப்போனால் போதும், மனசு தானாகத் திறந்துகொள்கிறது. அதில் ஒரு தப்பும் இருக்கிறதாக எனக்கு இத்தனை வயதில் தோன்றியதில்லை. என் வேனில் வரும் பிள்ளைகளின் வீடுகளை எல்லாம் நான் அப்படித்தான் பிடித்தேன்.

பிறகுதான் இந்தத் தளத்தில் பிரவின் உனக்குச் செய்தி அனுப்பினான். பேங்காக்கில் பெரிய கம்பெனி, வாடிக்கையாளர் சேவை, தங்க இடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றான். நீ நேர்காணல் முடித்து வெளியே வந்து சந்தோஷப்படவில்லை. "மா, கொஞ்சம் இடிக்குது மா. ஒண்ணுமே சரியா கேக்கல, டக்குன்னு எடுத்துக்கிட்டேன்னு சொல்றாங்க. சம்பளம் நான் கேட்டதுக்கு மேல" என்றாய். உனக்குத் தெரிந்திருந்தது, கதிர். அன்றைக்கே உனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் அவன், விண்ணப்பத்தில் வீட்டு நம்பர் என்று நீ எழுதியதைப் பார்த்து, எனக்குப் போன் செய்தான். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேனைக் கோயில் மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். "வணக்கம் மா, பேங்காக்லேருந்து பிரவின் பேசுறேன். கதிர் அம்மாதானே? பசியாறிட்டீங்களா மா?" என்றான். வெளிநாட்டில் இருந்து ஒருவன் நம் ஊர்ப் பிள்ளை மாதிரி பசியாறிட்டீங்களா என்று கேட்டால் எவளுக்குத்தான் மனசு இளகாது. நான் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா. "தம்பி எந்தப் பக்கம்? யாரு வீட்டுப் புள்ள நீங்க?" அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சுங்கை ரம்பாய்தாம்மா. தோட்டத்துல மேல் லயம். மண்டோர் பெரியசாமி பேரன்."

நான் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். உண்மையாகவே அழுதேன். உன் அப்பாவை ஏற்றிவிட்டவரின் பேரன் இப்போது என் பிள்ளையை ஏற்றிவிட வந்திருக்கிறான் என்று கும்பிட்டேன். அப்புறம் அவன் கேட்டதற்கும் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன். நீ ஒரே பிள்ளை என்று சொன்னேன். அப்பாவுக்கு முதுகு போய் ஸ்கூலில் காவல் வேலை பார்க்கிறார் என்று சொன்னேன். நான் சொன்னால் நீ தட்ட மாட்டாய் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப நீங்களே தம்பிகிட்ட சொல்லுங்க மா, அவர் கொஞ்சம் பயப்படுறாரு" என்றான். நான் சொன்னேன். "நம்ம ஆளுடா, மண்டோர் தாத்தா பேரன் உன்னெ ஏமாத்துவானா? வந்த சீதேவியெ வாசல்லயே நிக்க வெக்கிறியே" என்று உன்னைத் திட்டினேன். பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்ப நீ தயங்கியபோதும் பக்கத்தில் நின்று அனுப்பவைத்தேன். நீ சரி என்றதற்குக் காரணம் அந்தக் கம்பெனி இல்லை, நான்தான்.

அதன் பிறகு நீ மாறிவிட்டாய். பச்சை வளையத்தை எடுத்தாய், இந்த அறிவிப்பைப் போட்டாய். உன்னோடு படித்தவர்கள், ஓட்டலில் கூட வேலை செய்தவர்கள், பதிலே போடாத அந்தக் கம்பெனிக்காரர்களில்கூட ஒன்றிரண்டு பேர் வந்து வாழ்த்தினார்கள். ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினாய். இத்தனை நாள் குனிந்திருந்த தலை நிமிர்ந்திருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, கிளம்பும்வரை சிநேகிதனோடு இருக்கிறேன் என்று கோலாலம்பூருக்குப் போனாய். உன்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் அப்பாவும், மண்டோர் இப்போது இல்லாவிட்டாலும், அவர் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். அது முறைதானே. பிள்ளைக்கு ஒருவர் வழி காட்டினால் அந்த வீட்டுக்குப் பழத்தோடு போக வேண்டாமா.

ஆப்பிளும் ஆரஞ்சும், சின்னத்துரை அண்ணனுக்கு ஒரு கைலியும் வாங்கிக்கொண்டு போனோம். சின்னத்துரை அண்ணன் மண்டோரின் மூத்த மகன். சுங்கை ரம்பாயில் தாமான் வீட்டு முன்னாலேயே இரும்புக் கேட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பழத்தைக் கையில் கொடுத்து, "உங்க பையன் எங்க புள்ளைக்கு வேல வாங்கிக் குடுத்திருக்காரு" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தப் பையன் தங்கச்சி? எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டே பேரு, என் தம்பிக்குக் கல்யாணமே ஆவல. பிரவின்னு எங்க வீட்ல யாரும் இல்லையே" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மரியாதை இல்லை என்று தெரிந்தும் அதைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டோம்.

வேனில் ஏறியதும் அவனுக்குப் போன் போட்டேன். சிரித்தான். "நேரா பேரன் இல்ல மா, தூரத்துச் சொந்தம், அவரெ தாத்தான்னுதான் கூப்பிடுவேன்" என்றான். அப்படியென்றால் உன் அப்பா பேர் என்ன, அம்மா எந்த வீடு என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வந்து துர்காவைக் கூப்பிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை, கையில் போனைக் காட்டினாள். நான் கல்யாணம் சாவு எல்லாம் போட்டுக்கொண்டிருப்பேனே இன்னொரு தளம், அதில் மண்டோர் இறந்தபோது நான் எழுதியது அப்படியே இருந்தது. எந்தத் தோட்டம், எந்த லயம், என் வீட்டுக்காரருக்கு அவர் எப்படி வேலை வாங்கிக் கொடுத்தார் என்று எல்லாம் எழுதி, கீழே உன் பேரையும் சேர்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் கேள்விக்கான பதிலை நானே எழுதி வைத்திருந்தேன், அவன் எனக்கே அதைத் திருப்பிச் சொன்னான்.

துர்கா அதோடு விடவில்லை. அப்பா ஒரு வழி சொன்னார். உன்னை ஓட்டலில் சேர்ப்பதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஓட்டலுக்கு எதிரில் ரொட்டி சானாய் போடும் தமிழ் முஸ்லிம் கடையில் போய் உட்கார்ந்து, பாய், இங்கே வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள், சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். சாப்பிட வருகிறவர்கள் முகம் அவருக்குத் தெரியாதா. இந்தக் கம்பெனிக்கு எதிர்க் கடை எங்கே இருக்கிறது என்று அப்பா துர்காவைக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, அந்தக் கம்பெனிப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் என்று காட்டிய ஒவ்வொருவரையும் திறந்து பார்த்தாள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள். அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அவர்களுக்கு யாரும் பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொன்னதில்லை. சிலருக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது இரண்டு பேரிடமிருந்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

இதையெல்லாம் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ கேட்டாயா? "மா, நீங்கதானே போகச் சொன்னீங்க. இப்ப நீங்களே வேணாங்கறீங்க. ஏஜென்டுன்னா கொஞ்சம் சொந்தம் கொண்டாடத்தான் செய்வாங்க லா, அதுக்காக கம்பெனி பொய்யாயிடுமா?" என்று கத்தினாய். கத்தியதுகூடப் பரவாயில்லை. அடுத்து நீ சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. கடைசி நேரத்தில் வீட்டில் பயந்து அழுவார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான், கிளம்பும்வரை போனை எடுக்காமல் இருப்பது உங்களுக்கு நல்லது என்று பிரவின் முன்கூட்டியே உன்னிடம் சொல்லியிருக்கிறானாம். "பாத்தீங்களா, அவர் சொன்ன மாதிரியே பண்றீங்க" என்று வைத்துவிட்டாய். நான் உன்னைக் கூப்பிடுவேன் என்று எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல வேலை கொடுக்கிறவன் எவனாவது தாயின் போனை எடுக்காதே என்று சொல்வானா? நீயே சொல்.

போலீசுக்குப் போனோம். அந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆனால் மகன் பெரியவன், சொந்த விருப்பத்தில் போகிறான், முதலில் நீங்கள்தான் அவனிடம் பேச வேண்டும் அக்கா என்றார். வெளியே வந்து அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முதுகு வலியா என்று கேட்டேன். "நீ போகச் சொன்னப்ப நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நேற்று சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன், சரசு அக்கா வீட்டுக்கு. அப்பாவுக்கு அக்கா முறை, உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் மகன் உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். வெளிநாட்டில் வேலை என்று போனவன் திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தான், என்ன நடந்தது என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நாமும் கேட்கவில்லை, நாகரிகம் என்று நினைத்துக்கொண்டோம். நேற்று நான் வெட்கத்தை விட்டு அவன் காலடியில் உட்கார்ந்து கேட்டேன். பேங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றினார்களாம், ஆபீசுக்கு என்று. பாஸ்போர்ட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்களாம். கார் நிற்கவே இல்லையாம். ஒரு ஆற்றைத் தாண்டியபோதுதான் இது வேறு நாடு என்று புரிந்ததாம். கம்பி போட்ட கட்டடம். அடித்தார்களா என்று கேட்டேன். சட்டையைத் தூக்கவில்லை, ஆனால் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. "அடிச்சதெ விடுங்க அத்தே. கையில போனெக் குடுத்து நம்ம ஊருக்குக் கூப்பிடச் சொல்வாங்க. தமிழ்ல பேசணும். எந்தத் தோட்டம், யாரு வீடுன்னு மொதல்ல பாத்து வெச்சிக்கிட்டு அதெச் சொல்லிப் பேசணும். அம்மாமாருங்க ஒடனே நம்பிருவாங்க. பேசலன்னா அன்னிக்குச் சோறு கெடயாது" என்றான். எத்தனை பேரிடம் பேசினாய் என்று நான் கேட்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கதிர், அங்கிருந்து வரும்போது வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். அதுவரை உன்னை அடிப்பார்களே என்றுதான் பயந்தேன். இப்போது வேறு பயம். பசியாறிட்டீங்களா மா என்று என்னிடம் கேட்ட குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது. அதை நடித்துச் சொல்ல முடியாது. அவனும் எங்கோ நம் பக்கத்துப் பிள்ளைதான். அவனுக்கும் ஒருத்தி இங்கே காத்துக்கொண்டிருப்பாள். இன்னும் கொஞ்ச நாளில் அதே மாதிரி ஒரு அறையில் உட்கார்ந்து, அடிக்குப் பயந்து, நீ யாரோ ஒரு தாயைக் கூப்பிட்டு அம்மா என்பாய். உன் குரலும் நல்ல குரல். கேட்டதும் நம்பிவிடுவாள்.

பிரவின், அல்லது உன் பேர் என்னவோ, நீயும் இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னைச் சபிக்கத்தான் முதலில் வாய் வந்தது, சரசு அக்கா மகனைப் பார்த்த பிறகு வரவில்லை. உன்னை அங்கே உட்காரவைத்திருப்பவர்கள் நாசமாகப் போகட்டும். நீ உண்மையிலேயே யார் வீட்டுப் பிள்ளை? அதை மட்டும் ஒரு வரி எனக்கு எழுது. நான் வேனை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறான், பேசினான் என்று உன் அம்மாவிடம் சொல்கிறேன். ஆனால் என் பிள்ளையை விட்டுவிடு.

கதிர், நான் தப்பாக இருக்கலாம். அந்தக் கம்பெனி நிஜமாக இருக்கலாம், நான் உன் வாயில் மண்ணைப் போடுகிற தாயாக இருக்கலாம். ஒன்று செய். இதை அவர்களிடமே காட்டு. நிஜமான கம்பெனியாக இருந்தால் யாராவது ஒரு மனுஷர் எங்களைக் கூப்பிட்டு, இதோ ஆபீஸ், இதோ நம் ஊர் தூதரகம், கேட்டுக்கொள்ளுங்கள் என்பார். நீயே அந்தத் தூதரகத்துக்குப் போன் போட்டு, இப்படி ஒரு கம்பெனி உண்டா என்று கேள். அப்படிச் செய்யாமல், உன் அம்மாவின் எழுத்தை அழித்துவிடு, தேதியை மாற்றுகிறோம், விமானம் வேண்டாம் பஸ்ஸில் வா என்று சொன்னால் அதுதான் உனக்குப் பதில். அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டாம்.

இங்கே வந்து இப்படி எழுதியதால் உன் மானம் போகும் என்று துர்கா பயப்படுகிறாள். நாளைக்கு உனக்கு வேலை கொடுக்க நினைக்கிறவர்கள் எல்லாம் இதைப் படிப்பார்களாம். எனக்கும் அது தெரியும். மாமா கோட்டும் கிளிப்பும்கூட எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நீ என்னோடு பேசாமல் போகலாம், இந்த வயதில் அம்மாவால் அசிங்கப்பட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லலாம். சொல். திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் முறைத்துக்கொண்டு இரு. இனி உனக்கு எந்த வேலை வந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், உனக்கு இடித்தால் அது இடிக்கிறதுதான். சோறு வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை காலையில் நானும் அப்பாவும் விமான நிலையத்துக்கு வருகிறோம். பள்ளி இல்லாத நாள், வேன் சும்மாதான் இருக்கிறது. நீ எந்த வாசல் வழியாக வருவாய் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒன்றில் நிற்பார், நான் ஒன்றில், துர்கா ஒன்றில். வளர்ந்த பிள்ளையைப் பிடித்து நிறுத்த எங்கள் யாருக்கும் பலம் இல்லை, நீ தள்ளிவிட்டுப் போகலாம். என்னால் செய்ய முடிந்தது கூப்பிடுவது ஒன்றுதான். கதிர் என்று கூப்பிட மாட்டேன், அந்தப் பேர் எல்லாருக்கும் தெரியும். நீ நடை பழகும்போது நான் வைத்து, பெரியவனானதும் வெளியில் சொல்லாதீர்கள் என்று நீ சண்டை போட்ட அந்தப் பேரைச் சொல்லித்தான் கத்துவேன். எவ்வளவோ உளறியிருக்கிறேன், அதை மட்டும் அவனிடம் நான் சொல்லவில்லை. எந்தத் தளத்திலும் எழுதியதில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். அந்தப் பேர் காதில் விழுந்தால் கூப்பிடுவது நான்தான் என்று தெரிந்துகொள். நின்றுவிடு, சாமி.